தீபாவளி லீவுக்குக் கொல்கத்தா, டார்ஜிலிங்

திருப்பூரில் மண்ணரை, ஊத்துக்குளி ரோடு பக்கம் குடியிருப்பவர்கள் குடும்பத்தோடு தூரப் பயணம் கிளம்ப வருடத்தில் ஒரே ஒரு சமயம்தான் சரியாக வாய்க்கும். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு லீவு, கம்பெனிக்கு லீவு கிடையாது. பொங்கலுக்குச் சொந்த ஊரும் குலதெய்வமும் இழுக்கும். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை பங்கு வைப்பதோடு சரி. போனஸ் கைக்கு வந்து, ஷிப்டு நின்று, ஓவர்லாக் சத்தம் இல்லாமல் தெரு அடங்கிக் கிடப்பது தீபாவளிக்குத்தான். அந்த ஒரு வாரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பத்து நாளாக்கிக்கொண்டால் கொல்கத்தாவும் டார்ஜிலிங்கும் பார்த்து வரலாம். அக்டோபர் கடைசியும் நவம்பரும் இரண்டு ஊருக்குமே நல்ல பருவம்.

டிராவல்ஸ்காரர்கள் நீட்டும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அது மலையைப் பார்த்தே இராத சமவெளிக்காரர்களுக்காகப் போட்ட பட்டியல். தேயிலைத் தோட்டம், தாவரவியல் பூங்கா, காட்சி முனை, பைன் மரக்காடு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டினால் நமக்கு அத்தனையும் இருக்கிறது. இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து போய் மறுபடியும் தேயிலைச் செடி முன்னால் நின்று படம் எடுப்பானேன்? ஊட்டியில் கிடைக்காதது டார்ஜிலிங்கில் என்ன, சென்னையில் கிடைக்காதது கொல்கத்தாவில் என்ன என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். மிச்சமாகும் நேரத்தில் நல்ல இடங்களை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

டிக்கெட்

ரயிலில் முன்பதிவு இப்போது பயணத் தேதிக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பரில் குறைத்தார்கள். தீபாவளி எந்தத் தேதி என்பது காலண்டரில் முன்பே இருக்கிறது. அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி அந்தக் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். நாம் கிளம்பும் அதே வாரத்தில்தான் திருப்பூரில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களும் தீபாவளிக்கும் அதை ஒட்டி வரும் சத் பூஜைக்கும் ஊர் போகிறார்கள். வடக்கே போகும் வண்டிகளில் ஸ்லீப்பர் வகுப்பில் முன்பதிவு இருந்தாலும் நிம்மதியாகப் படுக்க முடியாத வாரம் அது. வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் மூன்றடுக்கு ஏசிக்குக் குறைவாகப் போடாதீர்கள்.

திருவனந்தபுரம் – ஷாலிமார் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு வழியாக நம் பாதையிலேயே கொல்கத்தா போகிறது; ஆனால் தினசரி கிடையாது. நாள் ஒத்துவராவிட்டால் சென்னை சென்ட்ரல் போய் கோரமண்டல் எக்ஸ்பிரஸோ ஹவுரா மெயிலோ பிடிக்கலாம். சென்னையிலிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு நாளுக்கும் சற்று மேல் ஆகும். டிக்கெட்டில் கடைசி நிலையம் ஹவுராவா ஷாலிமாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தாலும் ஹவுராவில் இறங்கினால் வாசலிலேயே மெட்ரோ. ஷாலிமாரில் இறங்கினால் டாக்சிதான்.

போன வழியே திரும்பாமல் இருப்பது நல்லது. டார்ஜிலிங்குக்கு அடிவாரத்தில் இருக்கும் நியூ ஜல்பாய்குரி நிலையத்திலிருந்து நேரே கோவைக்கு வரும் வண்டிகள் உண்டு. சில்சார் – கோவை எக்ஸ்பிரஸ் ஒன்று. இன்னொன்று திப்ருகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், இந்தியாவிலேயே மிக நீண்ட தடம் கொண்ட வண்டி. இரண்டு இரவுக்கு மேல் ரயிலிலேயே கழியும் என்பதால் திங்கட்கிழமை கட்டிங் மேஜைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பாக்டோக்ராவிலிருந்து விமானத்தில் சென்னையோ பெங்களூரோ வந்து கோவையில் இறங்குவதே உத்தமம். போகும்போது ரயில், வரும்போது விமானம். உற்சாகம் இருக்கும்போது ரயிலின் தூரம் தெரியாது.

ஒரு கிழமைக் கணக்கும் உண்டு. கொல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபம், இந்திய அருங்காட்சியகம், தாகூர் வீடு மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையமும் விலங்கியல் பூங்காவும் வியாழக்கிழமை திறப்பதில்லை. செவ்வாய், புதன், வியாழன் கொல்கத்தாவிலும் வெள்ளி, சனி, ஞாயிறு டார்ஜிலிங்கிலும் விழும்படி தேதியை அமைத்துக்கொண்டால் எந்தக் கதவும் அடைத்திருக்காது.

கொல்கத்தா

சென்னை 1639, கொல்கத்தா அதற்கு அரை நூற்றாண்டு இளையது. வங்காளத்தில் காலூன்ற முடியாமல் சென்னைக்கு ஒதுங்கி வந்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஜாப் சார்னாக், 1690 ஆகஸ்டு 24ஆம் தேதி சுதாநுட்டி என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் போய் இறங்கினார். அவரே நகரத்தை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப் புத்தகத்தில் இருந்தது. அதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டது. 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் தலைநகர் மாற்றத்தை அறிவிக்கும் வரை மொத்த இந்தியாவும் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. அதற்குரிய கட்டடங்கள் எல்லாம் ஒரு மைல் சுற்றளவுக்குள் நிற்கின்றன. டெம்போ டிராவலர் வைத்துக்கொண்டு ‘சிட்டி டூர்’ போனால் கண்ணாடி வழியாகத் தெரிவது போக்குவரத்து நெரிசல் மட்டுமே. நடக்க வேண்டிய ஊர் இது.

தங்குவதற்கு இரண்டு பக்கம் சொல்வேன். ஊர் நடுவில் இருக்க வேண்டும் என்றால் எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட் பகுதி, விலை கூட. நம் சாப்பாடு முக்கியம் என்றால் தெற்கே லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பேட்டை அது. வாழைப்பூவும் கறிவேப்பிலையும் பில்டர் காபியும் அங்கே தேடாமல் கிடைக்கும். காளிகாட் மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஏறினால் எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், வடக்கே தட்சிணேசுவரம் வரை ஒரே தடம். நாட்டின் முதல் மெட்ரோவும் இதுதான். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய பழைய பகுதியிலேயே நீங்கள் பயணம் செய்வீர்கள்.

முதல் நாள் நடையை மகாகரண் மெட்ரோவில் தொடங்குங்கள். மேலே ஏறினால் பழைய டல்ஹவுசி சதுக்கம், இன்றைய பி.பா.தி. பாக். பினாய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் பெயர் அது. எதிரே செக்கச்செவேலென்று நீண்டு கிடக்கும் ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் 1930 டிசம்பர் 8ஆம் தேதி நுழைந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டவர்கள் அவர்கள். கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். தெற்கே 1868இல் கட்டிய தலைமை அஞ்சல் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைக் கடந்து புனித ஜான் தேவாலயத்துக்குப் போங்கள். டூர் வண்டிகள் இங்கே நிற்பதில்லை. அதனாலேயே நான் இதற்கு முதலிடம் தருவேன்.

1787இல் எழுந்த தேவாலயம். தோட்டத்தின் மூலையில் எண்கோண மண்டபத்துக்குள் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. கரும்பழுப்பாக, பளபளப்பு மங்காமல் கிடக்கும் அந்தக் கல் பல்லாவரத்துக் கல். சென்னையிலிருந்து போய் அங்கே பதிந்தது. பின்னாளில் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, சென்னைப் பக்கத்துக் குன்றுகளில் கிடைக்கும் அந்தப் பாறை வகைக்கே இந்தக் கல்லறையை வைத்து ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் படிக்கும் பெயர். அதற்குக் காரணமான கல் மூலையில் ஒரு மண்டபத்துக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது. தேவாலயத்துக்குள் சோபனி என்ற ஓவியர் வரைந்த இயேசுவின் கடைசி விருந்துப் படமும் உண்டு.

வெளியே வந்து ஆற்றுப் பக்கம் திரும்பினால் உயர் நீதிமன்றம், 1872இல் கட்டியது. கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். பெல்ஜியம் நாட்டு ஈப்ர் நகரத்தின் துணி வணிகர் மண்டபத்தை மாதிரியாக வைத்து வால்டர் கிரான்வில் வரைந்தது. இடைக்காலத்தில் ஐரோப்பாவின் கம்பளித் துணி கைமாறிய மண்டபம் அது. துணி வியாபாரிகள் ஆர்டர் பேசிய கட்டடத்தின் சாயலில் இங்கே நீதிபதிகள் உட்கார்ந்திருப்பது திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சிறு பெருமிதம் தரலாம். பக்கத்தில் ஆளுநர் மாளிகை. 1803இல் வெல்லெஸ்லி கட்டிய அந்த மாளிகையில்தான் சுதந்திர மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக ராஜாஜி குடியிருந்தார். நீதிமன்றத்துக்கும் மாளிகைக்கும் அருகே போலீஸ்காரர் கை காட்டினால் செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் அதிகாலை ஹவுரா பாலம். பாலத்தின் கிழக்கு முனையில், ஆற்றை ஒட்டி இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்கு ஆறு மணிக்கே போய்விட வேண்டும். செண்டுமல்லிச் சரங்களைக் கயிறு போல் சுருட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வழிவிட்டு நில்லுங்கள். பாலம் 1943 பிப்ரவரியில் திறந்தது. நடுவில் தூண் கிடையாது, நட்டு போல்ட்டும் கிடையாது. 26,500 டன் எஃகை ஆணி அறைந்தே இணைத்திருக்கிறார்கள். நடந்து மேற்குக் கரைக்குப் போய், திரும்பும்போது படகில் வாருங்கள். படகுக் கட்டணம் டீக்காசு. அடுத்த முறை அதே ஆற்றை அடியில் கடக்கலாம். ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு வரும் மெட்ரோ, ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் தூரத்தை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கிய தடம் இது. சுரங்கத்தில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் விடுங்கள்.

1873இல் குதிரை இழுத்துத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம் இப்போது விரல்விட்டு எண்ணும் தடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. எங்காவது கண்ணில் பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.

விக்டோரியா மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கர்சன் நினைத்தது, எமர்சன் வரைந்தது, மக்ரானா பளிங்கில் 1921இல் முடிந்தது. காலையில் தோட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது நன்றாக இருக்கும். உள்ளே போக வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு இந்திய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1814இல் தொடங்கிய, ஆசியாவிலேயே பழைய அருங்காட்சியகம். எகிப்திய மம்மியைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். பெரியவர்கள் பார்ஹுத் தூபியின் செந்நிறக் கல்வேலி முன்னால் நிற்கலாம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய அந்தச் சிற்பங்களில் உடுத்தியிருக்கும் ஆடையின் மடிப்பையும் கரையையும் கவனியுங்கள். நம் கண்ணுக்கு அது தப்பாது.

பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் பிடிக்காது. 1767 முதல் புதைக்கத் தொடங்கிய இடம், மரநிழலில் கோயில் கோபுர உயரத்துக்குச் சமாதிகள். காலராவிலும் காய்ச்சலிலும் இருபது முப்பது வயதில் போனவர்கள் பலர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உறவு சொன்ன வில்லியம் ஜோன்ஸின் சமாதிதான் அங்கே மிக உயரம். அமாவாசை, நல்ல நாள் பார்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தீபாவளியை ஒட்டி வருவதே அமாவாசைதான்.

அந்த அமாவாசை இரவு வங்காளத்தில் காளி பூஜை. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நான்கைந்து நாள் விளக்கலங்காரம் இருக்கும். இரண்டாம் நாள் மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். தட்சிணேசுவரம் போவதானால் பூஜை நாளன்று வேண்டாம். நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் காலையிலேயே மெட்ரோவில் போய், ராணி ராஷ்மோனி 1855இல் கட்டிய கோயிலைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து படகில் அக்கரையில் பேலூர் மடம். மதியம் இரண்டு இடத்திலும் மூடிவிடுவார்கள். காளிகாட் கோயிலில் பண்டாக்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். தேங்காயும் பூவும் நீங்களே வாங்கி, வரிசையில் நின்று கும்பிட்டு வாருங்கள்.

நேரக் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். நவம்பரில் கொல்கத்தாவில் மாலை ஐந்துக்கே இருட்டும். டார்ஜிலிங்கில் அதற்கும் முன்னால். நம் ஊர் வழக்கப்படி பத்து மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பினால் பாதிப் பகல் போய்விடும். காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை ஊர் சுற்றுவது, பிறகு சாப்பாடு, ஓய்வு, இரவில் விளக்குப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனியன்காரர்களுக்கு அரை நாள்

டூர் புத்தகங்களில் இல்லாத ஒரு அரை நாளை நம் ஊர்க்காரர்களுக்காகச் சேர்க்கிறேன். நாட்டில் பனியன் தொழில் முதலில் வேர் பிடித்தது கொல்கத்தாவில்தான். 1893இல் கிதிர்பூரில் முதல் ஆலை வந்தது. திருப்பூரில் குலாம் காதர் பேபி நிட்டிங் தொடங்கியபோது பனியன் என்றால் கல்கத்தாதான். அங்கே கண்ட பின்னல் மிஷினைத்தான் அவர் இங்கே கொண்டுவந்தார் என்பது ஊரில் சொல்லப்படும் வரலாறு. லக்ஸ், ரூபா, டாலர் மூன்றுக்கும் இன்றைக்கும் தலைமை அலுவலகம் அந்த நகரத்தில்தான்.

ஆகவே படா பஜாருக்கு ஒரு நடை போய் வாருங்கள். மகாத்மா காந்தி ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் கட்ரா என்று சொல்லும் பழைய வணிக வளாகங்கள், மாடிக்கு மாடி துணி மூட்டை, திண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் மார்வாடிக் கடைகள். நம் ஊர்க் காதர்பேட்டையைப் பார்த்தவர்களுக்கே மூச்சு முட்டும். தங்கும் நாளில் செவ்வாய் இருந்தால் ஹவுராவில் மங்களா ஹாட் என்ற வாரச் சந்தையைப் பாருங்கள். சிறு தையல் பட்டறைகள் தைத்த உருப்படியை அங்கே கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டி விற்கிறார்கள். ரேட் விசாரித்தாலே நமக்குப் பல விஷயம் புரியும். பிள்ளைகளையும் கைப்பையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் யூனிட்டில் முர்ஷிதாபாத்தோ மால்டாவோ கூச்பிஹாரோ சொந்த ஊராகக் கொண்ட தம்பி வேலை செய்தால் கிளம்புமுன் அவனிடம் அரை மணி நேரம் பேசுங்கள். எந்த வண்டி, எங்கே இறங்குவது, எது ஏமாற்று என்பது ஏஜெண்டை விட அவனுக்குத் தெரியும். கம்பெனியில் அவனோடு பேசிப் பழகிய ஹிந்தியே அங்கே போதும். வயதில் மூத்த ஆணை ‘தாதா’ என்றும் பெண்ணை ‘தீதி’ என்றும் கூப்பிடுங்கள், முகம் மலர்வார்கள். சைவம் வேண்டும் என்றால் ‘நிராமிஷ்’ என்று சொல்ல வேண்டும். சமையல் கடுகெண்ணெய், முதல் நாள் மூக்கில் ஏறும், மறுநாள் பழகிவிடும். அசைவக்காரர்கள் பிரியாணியை ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். உள்ளே முழு உருளைக்கிழங்கு ஒன்று இருக்கும். 1856இல் நாடிழந்து மட்டியாபுருஜில் வந்து குடியேறிய லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த சமையல் என்பார்கள். சீரகச் சம்பாவில் வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்று இருக்கும் என்பது என் கட்சி.

மலை ஏறுவது

டார்ஜிலிங் மெயில் சியால்தா நிலையத்திலிருந்து இரவில் கிளம்பும். காலையில் நியூ ஜல்பாய்குரி. எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையிலான மெட்ரோ 2025 ஆகஸ்டில் இணைந்துவிட்டதால் மூட்டை முடிச்சோடு டாக்சிக்கு அலைய வேண்டியதில்லை. பகலில் போக நினைப்பவர்களுக்கு ஹவுராவிலிருந்து வந்தே பாரத் உண்டு; இரவு வண்டியில் போனால் ஒரு பகல் மிச்சம்.

நிலையத்துக்கு வெளியே ஜீப்புகள் நிற்கும். தனி வண்டி என்றால் சிண்டிகேட் கவுண்டரில் எழுதிப் போட்டிருக்கும் ரேட்டுக்கு எடுங்கள். மூன்று மணி நேரம், ரோகிணி வழியாகக் குர்சியாங், கும், டார்ஜிலிங். பொம்மை ரயிலில் அடிவாரத்திலிருந்தே ஏறலாமே என்று ஆசை வரும். வேண்டாம். சுமார் 88 கிலோமீட்டரை முழுப் பகலும் ஊர்ந்து கடக்கும். இரவெல்லாம் ரயிலில் வந்த உடம்பு தாங்காது.

உயரத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். டார்ஜிலிங் 2,050 மீட்டர் வாக்கில்தான். சூரிய உதயத்துக்குப் பேர்போன டைகர் ஹில் 2,590 மீட்டர் அளவு. நம் தொட்டபெட்டா 2,637. ஆனால் ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே, டார்ஜிலிங் 27 பாகை. ஊட்டிக் குளிர்தானே என்று ஒரு ஸ்வெட்டரோடு போனால் டைகர் ஹில்லில் பல் கிட்டிவிடும். உள்ளே ஒட்டிப் பிடிக்கும் தெர்மல் இரண்டு ஜோடி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கையுறை. தெர்மல் வாங்க நாம் எங்கும் போக வேண்டாம். பக்கத்துத் தெருவிலேயே தைக்கிறார்கள்.

அறை எடுக்கும்போது வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ஹீட்டருக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். டார்ஜிலிங்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய கதை. லாரித் தண்ணீர் வாங்கும் விடுதிகள் நிறைய. இந்த விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊரின் மையச் சதுக்கமான சௌரஸ்தாவுக்கு நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் நல்லது, ஆனால் எத்தனை படி ஏற வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஊர் இரக்கம் காட்டாது.

டார்ஜிலிங்கில் ஊட்டியில் இல்லாதது

முதலாவது கஞ்சன்ஜங்கா. 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரமான சிகரம். எல்லாரும் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து டைகர் ஹில் ஓடுவார்கள். கும்மிருட்டில் நூற்றுக்கணக்கான ஜீப்புகள், ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் செல்போன். வானம் தெளிவாக இருந்தால் ஒரு நாள் போய் வரலாம். முதல் வெளிச்சம் சிகரத்தில் படும்போது வெள்ளைப் பனி செம்மஞ்சளாகும். எவரெஸ்ட் ஒரு நுனியாகத் தெரிந்தாலும் தெரியும். டைகர் ஹில் போக அனுமதிச் சீட்டு வேண்டும். முந்திய நாளே வண்டிக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் இவ்வளவு பாடுபடாமலே அதே சிகரத்தை ஊருக்குள்ளிருந்து பார்க்கலாம். சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. காலை ஆறரை மணிக்கு அதன் வடபக்கத்துக்குப் போய் நின்றால் மலைத்தொடர் முழுவதும் எதிரே நிற்கும், கூட்டமும் இருக்காது. குன்றின் உச்சியில் மகாகாளர் கோயில். சிவனுக்கும் புத்தருக்கும் ஒரே வளாகத்தில் பூஜை. மணியும் மந்திரக் கொடியும் ஒன்றாக ஆடும். டைகர் ஹில்லா இந்த நடையா என்று கேட்டால் நான் நடைக்குத்தான் வாக்களிப்பேன்.

மேகம் எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் டார்ஜிலிங்கில் மூன்று இரவு தங்கச் சொல்கிறேன். தீபாவளி அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும் வருடங்களில் மழையின் வால் மிச்சமிருக்கலாம். 2025 அக்டோபர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் மண் சரிந்து பலர் இறந்தார்கள். மிரிக் போகும் வழியில் தூதியா இரும்புப் பாலமே இடிந்தது. கிளம்புவதற்கு முந்திய வாரம் செய்தியைக் கவனித்து, பாதை நிலவரத்தை விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாவது ரயில். நீலகிரி ரயிலில் போனவர்களுக்கு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு சுகம். நம் மேட்டுப்பாளையம் வண்டி மீட்டர் பாதை. கல்லாறு தாண்டினதும் நடுவில் பல்சட்டம் பிடித்துக்கொண்டு ஏறும். டார்ஜிலிங் வண்டிக்குப் பல்சட்டம் இல்லை. பாதையின் அகலமே இரண்டடி. 1879இல் தொடங்கி 1881இல் முடித்துவிட்டார்கள். செங்குத்து வந்தால் முன்னும் பின்னுமாகப் போய் இசட் வடிவில் ஏறுவார்கள், இல்லையென்றால் ஒரு வட்டமடித்துத் தன் பாதைக்கு மேலேயே வந்து சேரும். சக்கரம் வழுக்காமல் இருக்க எஞ்சின் முகப்பில் ஆள் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவுவார். கடைத்தெருவுக்குள்ளே, பலகாரக் கடையைக் கை நீட்டித் தொடும் நெருக்கத்தில் ஓடும். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 1999இல் இது ஏறியது. நீலகிரி 2005இல் இதோடு சேர்ந்துகொண்டது. டார்ஜிலிங் – கும் – டார்ஜிலிங் என்று இரண்டு மணி நேர உலாவுக்கு நீராவி எஞ்சின் வண்டியில் ஐஆர்சிடிசி மூலம் முன்பே பதிவு செய்யுங்கள். டீசல் வண்டி மலிவு, ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா? வழியில் பட்டாசியா வளைவில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். கும் நிலையம் 2,258 மீட்டரில் இருக்கிறது. இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையம்.

மூன்றாவது மலையேற்றப் பயிற்சி நிலையம். டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறுவருடம், 1954 நவம்பரில் தொடங்கியது; களப்பயிற்சிக்கு முதல் தலைவர் டென்சிங்கேதான். அந்தக் காலத்துக் கனத்த பூட்ஸ், கயிறு, பிராணவாயுக் குப்பி எல்லாம் அங்கே இருக்கின்றன. வெளியே அவருடைய சிலை. 1986இல் இறந்தபோது எரியூட்டியதும் இந்த வளாகத்தில்தான். இதற்குப் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் பிள்ளைகளை நகர விடாது. முழுக்க ஏற்றம், தாத்தா பாட்டியை மெதுவாக நடத்திக் கூட்டி வாருங்கள்.

பாரதியார் குருவாக ஏற்ற நிவேதிதா 1911 அக்டோபர் 13ஆம் தேதி இறந்தது இந்த ஊரில்தான். அவர் கடைசியாக இருந்த ராய் வில்லா இப்போது ராமகிருஷ்ண மிஷன் வசம் இருக்கிறது. பாரதி படித்தவர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கும் பக்கத்தில் 1850இல் எழுந்த பழைய பௌத்த மடமும் பார்க்கத்தக்கது. ரோப் கார், பாறைத் தோட்டம், தாவரவியல் பூங்கா மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள்.

தேயிலை பார்க்க வேண்டாம், வாங்கலாம். தேயிலை இங்கே 1841இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது. இந்தியாவில் புவிசார் குறியீடு முதலில் பெற்ற பண்டமும் டார்ஜிலிங் தேயிலைதான். நம் வீட்டு டீத்தூளைப் போலக் கொதிக்கவிட்டுப் பால் ஊற்றினால் காசு வீண். வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து வெறுமனே குடிக்க வேண்டியது. தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் வருடமும் அச்சடித்த பொட்டலமாக நூறு கிராம் வாங்குங்கள். தெருவில் கிலோ கணக்கில் மலிவாகத் தருவது பெரும்பாலும் வேறு ஊர் இலை. கம்பளி விரிப்பு வேண்டும் என்றால் 1959இல் தொடங்கிய திபெத்திய அகதிகள் சுயஉதவி மையத்தில் நெய்வதைப் பார்த்தே வாங்கலாம். மால் ரோட்டில் ‘டார்ஜிலிங்’ என்று அச்சிட்ட டி-ஷர்ட்டை எடுக்குமுன் கழுத்துப் பட்டியைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். நம் ஊர்ச் சரக்காகவே இருக்கலாம்.

கேங்டாக்கையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வண்டிக்காரர்கள் வற்புறுத்துவார்கள். இந்த லீவில் அது முடியாது. சிக்கிமுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். லீவு ஏழு நாளாகச் சுருங்கிவிட்டால் விமானத்திலேயே போய்க் கொல்கத்தாவில் ஒரு நாளைக் குறையுங்கள். டார்ஜிலிங்கின் மூன்று இரவில் கை வைக்காதீர்கள். திரும்பும் விமான டிக்கெட் உறுதியாகும் வரை கொல்கத்தா டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.